பந்துக்குள் இருந்த பால்

பந்துக்கு உள்ளே ஒரு பை இருக்கிறது. தோலும் தையலும் மேலே தெரியும் வெள்ளைக் கயிற்றுப் பின்னலும் அந்தப் பையைக் காக்கத்தான். காற்றைப் பிடித்து வைத்திருப்பது பை. அமெரிக்கக் கல்லூரிகள் சனிக்கிழமைதோறும் ஆடுகிற ஃபுட்பாலில் அந்தப் பைக்குள் சதுர அங்குலத்துக்கு 12.5 முதல் 13.5 பவுண்டு வரை அழுத்தம் இருக்க வேண்டும் என்பது விதி. பந்தின் எடை 14 முதல் 15 அவுன்ஸ். இரு முனையும் கூர்ந்து நடு பருத்திருக்கும் அதை ஒரே கையில் பிடித்து நாற்பது கஜம் எறிகிறார்கள். அந்தப் பைக்கு ஒரு கதை உண்டு, அது மலேசியாவின் பேராக் வழியாக, எங்கள் பாட்டன் பாட்டிமாரின் கை வழியாகப் போகிறது. அந்த வடிவத்துக்கும் ஒரு கதை உண்டு. எறிகிறவனின் கை எப்படிப்பட்டதோ அதற்கேற்ப முழு ஆட்டத்தையுமே அமைக்கிற கலையில் அது போய்ச் சேர்கிறது. இரண்டையும் ஒன்றாக வைத்துப் பார்த்தால்தான் முதல் கதையில் எது இல்லாமல் போனது என்பது தெரியும்.

முதலில் அது பன்றியின் சிறுநீர்ப்பை. இங்கிலாந்தின் ரக்பி என்ற சிற்றூரில், அந்த ஊரின் பெயர் கொண்ட பள்ளிக்கு எதிரே ரிச்சர்ட் லிண்டன் செருப்புக் கடை வைத்திருந்தார். பள்ளிப் பையன்கள் பந்து கேட்டு வருவார்கள். பச்சைச் சிறுநீர்ப்பையில் குழாய் வைத்து வாயால் ஊத வேண்டும். அதற்கு மேல் தோலைத் தைக்க வேண்டும். ஊதும் வேலை அவர் மனைவி ரெபெக்காவுக்கு. நோயுற்ற பன்றிகளின் பைகளை ஊதி ஊதியே அவருடைய நுரையீரல் கெட்டு இறந்தார் என்று சொல்லப்படுகிறது. 1862 வாக்கில் லிண்டன் சிறுநீர்ப்பையை விட்டுவிட்டு ரப்பர்ப் பைக்கு மாறினார். அதை வாயால் ஊத முடியாது என்பதால், காதுக்கு மருந்து பீய்ச்சும் பிச்சாங்குழலைப் பார்த்து, பித்தளையில் ஒரு காற்றடிப்பான் செய்தார். சிறுநீர்ப்பை தன் வடிவத்தைத் தானே முடிவு செய்யும். ரப்பரை விரும்பிய வடிவத்துக்குக் கொண்டுவரலாம். முழு உருண்டையும் அப்போதுதான் சாத்தியமானது, சீரான நீள்வட்டமும் அப்போதுதான். ரக்பிக்காரர்கள் நீள்வட்டத்தைப் பிடித்துக்கொண்டார்கள். 1892-இல் அதுவே அவர்களுக்குக் கட்டாயமானது.

லிண்டனின் கைக்கு வந்த ரப்பர் தென்னமெரிக்கக் காட்டு மரங்களின் பால். அந்த மரம் நம் பக்கம் வந்தது 1877-இல். அதற்கு முந்தைய ஆண்டு ஹென்றி விக்கம் பிரேசிலிலிருந்து எழுபதாயிரம் விதைகளைக் கப்பலேற்றி லண்டன் கியூ தோட்டத்தில் சேர்த்தார். மிகச் சில ஆயிரமே முளைத்தன. அவற்றின் வழியில் 22 கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்தன. ஒன்பது கன்றுகள் பேராக்குக்கு வந்து, ஹியூ லோ பிரிட்டிஷ் ரெசிடெண்டாக இருந்த கோலக்கங்சாரில் ஊன்றப்பட்டன. அவற்றில் ஒரு மரம் மாவட்ட அலுவலகத்தின் அருகே இன்றும் நிற்கிறது. வேலி போட்டு, பலகை வைத்துக் காக்கிறார்கள். பேராக்கில் அது சரித்திரச் சின்னம்.

மரம் வந்ததும் பால் வந்துவிடவில்லை. பிரேசிலில் கோடாரியால் கொத்திப் பால் எடுத்தார்கள். அப்படிக் கொத்தினால் மரம் சீக்கிரம் கெட்டுப்போகும். சிங்கப்பூர்த் தாவரவியல் தோட்டத்தின் இயக்குநர் ஹென்றி ரிட்லி 1890-களில் வேறு வழி கண்டார். பட்டையை மெல்லிய சீவலாக, ஒரே காயத்தின் கீழ்விளிம்பிலேயே திரும்பத் திரும்பச் சீவினால் மரம் சாகாது, பட்டை மீண்டும் வளரும், பாலும் பெருகும். இந்த முறையின் நுணுக்கத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். மரத்தின் சுற்றளவு ஏறத்தாழ ஐம்பது சென்டிமீட்டர் ஆகும்வரை அதில் கத்தி படக்கூடாது. நட்டு ஐந்து முதல் ஏழு ஆண்டுகள் ஆகும். பால் நாளங்கள் பட்டைக்குள் செங்குத்தாக ஓடாமல் சற்றே வலப்பக்கம் சாய்ந்து ஏறுகின்றன. ஆகவே வெட்டு இடப்பக்கம் உயர்ந்து வலப்பக்கம் தாழ வேண்டும். அப்போதுதான் அதிக நாளங்கள் அறுபடும். கத்தி ஆழமாகப் போய் உள்ளே இருக்கும் வளர்படலத்தைத் தொட்டால் மரம் முடிச்சுப்போட்டுப் பாழாகும். ஆழம் குறைந்தால் பால் வராது. இடைவெளி ஒரு மில்லிமீட்டர் அளவு. வெயில் ஏறினால் மரத்துக்குள் அழுத்தம் குறையும் என்பதால் விடியுமுன் வெட்ட வேண்டும். ஒரு நாள் வெட்டினால் மறுநாள் ஓய்வு. மழை பெய்தால் வெட்டு இல்லை.

ஒரு மரத்தின் பலம் என்ன, பலவீனம் என்ன, எவ்வளவு கேட்டால் கொடுக்கும், எதற்கு மேல் கேட்டால் செத்துப்போகும் என்று இவ்வளவு பொறுமையாக ஆராய்ந்து ஒரு முறையை வகுத்தார்கள். அந்தப் பொறுமையில் கால்பங்குகூட அந்த மரத்தை வெட்டியவர்களுக்குக் கிடைக்கவில்லை. கங்காணிமார் தமிழ்நாட்டு ஊர்களில் ஆள் பிடித்துக் கொண்டுவந்தார்கள். திறமை இல்லாத தொழிலாளர் என்று பெயரிட்டுக் கப்பலேற்றினார்கள். ஒரு மில்லிமீட்டருக்குள் கத்தியை நிறுத்தத் தெரிந்தவருக்குத்தான் அந்தப் பெயர். இருட்டில் பெரட்டு என்ற ஆள்கணக்கு, பிறகு நிரை என்ற அவரவர் மரவரிசை, நூற்றுக்கணக்கான மரங்கள், பால் வடியும் மங்கு, வாளி, தோளில் காண்டா என்ற காவடித்தடி, பால் கொட்டாய், நிறுவை. மரத்துக்கு ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஓய்வு கொடுத்த முறை, அதை வெட்டிய பெண்ணை மறுநாள் அடுத்த நிரைக்கு அனுப்பியது. அவளுக்குக் கணக்கு வருமா, பாட்டு வருமா, ஓடுவாளா, நெய்வாளா என்று கேட்க அந்த அமைப்பில் ஆளே இல்லை. எல்லாரும் ஒரே வேலைக்கு வளைந்துகொடுக்க வேண்டியிருந்தது.

1910-இல் ரப்பர் விலை ஒரு பவுண்டுக்குப் பன்னிரண்டு ஷில்லிங்கைத் தாண்டியது. காப்பி போட்டிருந்தவர்கள் பிடுங்கிவிட்டு ரப்பர் நட்டார்கள். சுங்கை சிப்புட், பத்து காஜா, தாப்பா, பீடோர் எங்கும் தோட்டங்கள் பரவின. ஸ்டோரில் அமிலம் ஊற்றிப் பாலை உறையவைத்து, உருளையில் கொடுத்து, புகைவீட்டில் தொங்கவிட்டு, ஷீட்டாக்கி மூட்டை கட்டினார்கள். எந்த மரத்தின் பால் எந்த மூட்டைக்குப் போனது என்பதற்குக் கணக்கு கிடையாது. எல்லாம் ஒன்றாகவே கலந்தது. மலாயா ரப்பரின் மிகப் பெரிய வாடிக்கையாளர் அமெரிக்கா. பெரும்பகுதி டயருக்குப் போனது. மீதியில் குழாய், காலணி, நீர்புகா உடை, பந்துப் பை.

பந்து பேராக்குக்குத் திரும்பியும் வந்தது. மலாய் ஐக்கிய மாநிலங்கள், அதாவது பேராக், சிலாங்கூர், நெகிரி செம்பிலான், பகாங், தங்கள் கருவூலத்திலிருந்து பிரிட்டிஷ் கடற்படைக்கு ஒரு போர்க்கப்பல் வாங்கிக் கொடுத்தன. ஈயத்தாலும் ரப்பராலும் நிறைந்த கருவூலம் அது. எச்.எம்.எஸ். மலாயா என்று பெயர் பெற்ற அந்தக் கப்பல் 1921-இல் இங்கே வந்தபோது மாலுமிகள் நன்றியாக இரண்டு கோப்பைகளைக் கொடுத்தார்கள். ஒன்று காற்பந்துக்கு, ஒன்று ரக்பிக்கு. நாம் மலேசியக் கிண்ணம் என்று அறிவது முதல் கோப்பையின் வாரிசு. பேராக் 1926-லும் 1931-லும் அதை வென்றது. இரண்டாவது கோப்பை, நீள்வட்டப் பந்துக்கானது, ஆரம்ப காலத்தில் பெரும்பாலும் வெள்ளைக்காரத் துரைமாரின் விளையாட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. கோலக்கங்சாரில் 1905-இல் தொடங்கிய மலாய்க் கல்லூரி அதைத் தனதாக்கிக்கொண்டு இன்றுவரை பெயரோடு ஆடுகிறது. தோட்டத்துப் பையன்களுக்கு உருண்டைப் பந்துதான் வந்தது. பால் நிறுத்தாகி, வாளி கழுவி, வெயில் தாழ்ந்தபின் தோட்டத் திடலில் வெறுங்காலோடு ஆடினார்கள். நீள்வட்டப் பந்தோ கடல் தாண்டி வேறொரு வாழ்க்கை வாழ்ந்துகொண்டிருந்தது.

அமெரிக்காவில் 1869-இல் ரட்கர்ஸும் பிரின்ஸ்டனும் ஆடிய முதல் கல்லூரி ஆட்டத்தில் பந்து உருண்டை. 1874-இல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகம் ஹார்வர்டுக்குப் போய் ரக்பி விதிப்படி ஆடியபோது நீள்வட்டப் பந்து கூடவே போனது. ஹார்வர்டுக்காரர்களுக்குப் பிடித்துப்போனது. 1880-இல் யேல் கல்லூரியின் வால்டர் கேம்ப் முன்மொழிந்த ஒரு மாற்றம் ரக்பியிலிருந்து இந்த ஆட்டத்தை ஒரேயடியாகப் பிரித்தது. ரக்பியில் இரு அணியும் முட்டிமோதிப் பந்தைப் பிடிக்க வேண்டும். இங்கே பந்து ஓர் அணியிடம் இருக்கும். நடுவில் ஒரு கோடு. அவர்கள் தயாரானதும் நடு ஆள் பந்தைப் பின்னால் கொடுப்பார். அதற்கு ஸ்னாப் என்று பெயர். வாங்குகிறவர் குவாட்டர்பேக். ஒவ்வொரு முறையும் ஆட்டம் நின்று தொடங்குவதால், அடுத்து என்ன செய்வது என்று யோசித்து வகுக்க நேரம் கிடைத்தது. ஒரு பயிற்றுநர் தன் ஆட்டக்காரனின் கைகால்களை மனதில் வைத்துத் திட்டம் போடக்கூடிய ஆட்டம் அன்றுதான் பிறந்தது.

ஆனால் எறிதல் இல்லை. ஓடலாம், இடிக்கலாம், உதைக்கலாம். ஆளை ஆள் இடித்து நொறுக்கிய அந்த ஆட்டத்தில் 1905-இல் மட்டும் ஏறத்தாழ இருபது இளைஞர்கள் இறந்தார்கள். அதிபர் ரூஸ்வெல்ட் கல்லூரிகளைக் கூப்பிட்டுக் கண்டித்தார். ஆட்டத்தை விரித்தால் நெரிசல் குறையும் என்ற எண்ணத்தில் 1906-இல் முன்னோக்கி எறிய அனுமதி வந்தது. அதே செப்டம்பரில் செயின்ட் லூயிஸ் பல்கலைக்கழகத்தின் பிராட்பரி ராபின்சன் முதல் சட்டப்படியான எறிதலை எறிந்தார். அது யார் கையிலும் சேரவில்லை. அப்போதைய விதிப்படி, யாரும் தொடாமல் பந்து தரையில் விழுந்தால் எதிரணிக்கே போய்விடும். பந்தும் எறிவதற்கு ஏற்றதாக இல்லை. குட்டித் தர்பூசணி போலப் பருத்து உள்ளங்கையில் அடங்காமல் இருந்தது.

இந்த இடத்தில் பந்தின் பயணத்தில் எனக்கு மிகப் பிடித்த ஆட்கள் வருகிறார்கள். பென்சில்வேனியாவில் கார்லைல் என்ற ஊரில், அமெரிக்கப் பூர்வகுடிப் பிள்ளைகளுக்கென்று 1879-இல் ஓர் உறைவிடப் பள்ளி திறந்தார்கள். நோக்கம் நல்லதல்ல. முடியை வெட்டி, தாய்மொழியை விலக்கி, பெயரை மாற்றி, அவர்களை வெள்ளையராக்குவதே நோக்கம். அந்தப் பிள்ளைகள் ஃபுட்பால் ஆடக் கேட்டு வாங்கினார்கள். பெரிய கல்லூரி ஆட்களைவிட எடையில் குறைந்தவர்கள். நேருக்கு நேர் இடித்தால் தோற்பார்கள். பயிற்றுநர் கிளென் வார்னர் அவர்களைப் பருமனாக்க முயலவில்லை. எடை குறைவு, வேகம் அதிகம், ஏமாற்றத் தெரியும், புதிதைக் கற்கத் தயங்கமாட்டார்கள் என்று கண்டு, அதன்மேல் ஆட்டத்தைக் கட்டினார். புதிதாக வந்த எறிதல் விதி கிழக்கின் பெரிய கல்லூரிகளுக்குப் பிடிக்காத தொந்தரவு. கார்லைலுக்கோ அது திறந்த கதவு. டஸ்கரோரா இனத்தைச் சேர்ந்த ஃபிராங்க் மவுண்ட் பிளசன்ட் அந்தப் பருத்த பந்தைச் சுழலவிட்டு எறியக் கற்றார். சுழன்று போகும் பந்து காற்றில் தள்ளாடாது. தூரமும் குறியும் கூடும். 1907-இல் கார்லைல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தை 26–6 என்று வென்றது. 1912-இல், ஒலிம்பிக் தங்கம் வென்று திரும்பிய ஜிம் தோர்ப்போடு, ராணுவக் கல்லூரியை 27–6 என்று வென்றது. எதிரணியில் ஐசன்ஹோவர் என்ற மாணவர் ஆடிக்கொண்டிருந்தார்.

அந்தப் பிள்ளைகளிடமிருந்து எல்லாவற்றையும் பறித்த ஒரு நிறுவனத்தில், ஒரு திடலின் எல்லைக்குள் மட்டும், நீ யார் என்று பார்த்து ஆட்டம் அமைக்கப்பட்டது. பள்ளி 1918-இல் மூடியது. ஆட்டம் அவர்கள் காட்டிய வழியில் போனது. 1912-இல் பந்தின் சுற்றளவைக் குறைத்தார்கள். 1934-இல் மேலும் குறைத்து 21 அங்குலச் சொச்சத்துக்குக் கொண்டுவந்தார்கள். இரண்டு முறையும் காரணம் எறிகிறவனின் விரல்கள். உள்ளே இருந்த ரப்பர்ப் பையும் அதற்கேற்ப மெலிந்தது.

அதன்பின் பந்துக்கும் கைக்கும் இடையில் நடந்ததுதான் தாக்குதல் அமைப்பின் சரித்திரம். ஒரு பயிற்றுநர் தன் குவாட்டர்பேக்கைப் பார்த்து என்ன கேட்டுக்கொள்கிறார்? கை வலுவா? திடலின் அகலம் 160 அடி. கல்லூரி ஆட்டத்தில் பந்து வைக்கும் குறிக்கோடு ஒவ்வோர் ஓரத்திலிருந்தும் 60 அடி. பந்து இடப்பக்கக் குறியில் இருந்தால் வலப்பக்க ஓரம் நூறடி தள்ளிப் போய்விடும். வலு குறைந்த கை அங்கே எறியும் பந்து மிதக்கும். மிதக்கும் பந்தை எதிரணி பறிக்கும். அதனால் பயிற்றுநர் அந்த எறிதலை நீக்குவார், அல்லது ஸ்னாப் ஆனதும் ஆளை அந்தப் பக்கமாக ஓடவிட்டுத் தூரத்தைக் குறைப்பார். குவாட்டர்பேக் குள்ளமா? முன்வரிசையின் ஆறடி ஆட்களுக்கு மேலாகப் பார்க்க முடியாது. அதற்கும் ஓரமாக நகர்த்துவதே மருந்து. திடல் முழுவதையும் இரண்டரை வினாடியில் படிக்க வரவில்லையா? பாதித் திடலை மட்டும் படிக்கக் கொடுப்பார்; இன்னும் எளிதாக, ஒரே ஒரு தடுப்பாளரைக் காட்டி, அவர் முன்னே வந்தால் எறி, பின்னே போனால் ஓடுகிறவனிடம் கொடு என்பார். கால் வேகமா? அப்போது ஒரு தடுப்பாளரை வேண்டுமென்றே யாரும் மறிக்காமல் விட்டுவிடுவார்கள். குவாட்டர்பேக் அவரைப் பார்த்துத் தீர்மானிப்பார்: அவர் ஓட்டக்காரனைத் துரத்தினால் பந்தைத் தானே வைத்துக்கொண்டு ஓடுவார், நின்றால் கொடுத்துவிடுவார். மறிக்காமலேயே ஒருவரை ஆட்டத்திலிருந்து நீக்கிவிடும் இந்த முறை 1990-களில் சிறு கல்லூரிகளில் உருவாகி எங்கும் பரவியது.

பலவீனத்தை மறைப்பது மட்டும் போதாது. எதிரணியும் படம் போட்டுப் பார்க்கிறது. தூரம் எறியவே மாட்டான் என்று தெரிந்துவிட்டால் பதினொரு பேரும் முன்னே வந்து நெருக்குவார்கள். அதனால் வராததையும் எப்போதாவது செய்துகாட்ட வேண்டும், வரும் என்று அவர்கள் பயப்படும் அளவுக்கு. எந்த நேரத்தில், எத்தனை முறை என்பதில்தான் பயிற்றுநரின் கைவண்ணம் இருக்கிறது.

இந்தக் கலையின் புகழ்பெற்ற அத்தியாயம் ஒரு காயத்தில் தொடங்கியது. சின்சினாட்டி பெங்கால்ஸ் தொழில்முறை அணியில் கிரெக் குக் என்ற அபாரமான கைக்காரர் இருந்தார். 1969-இல் அவர் தோள் கெட்டது. 1970-இல் அந்த இடத்துக்கு வந்த வெர்ஜில் கார்ட்டருக்குக் கை வலு இல்லை. ஆனால் குறி தவறாது, கால் சுறுசுறுப்பு, கூர்மையான மூளை. எந்த அளவு மூளை என்றால், ஆடிக்கொண்டிருக்கும்போதே ராபர்ட் மச்சோலுடன் சேர்ந்து, திடலின் எந்த இடத்தில் பந்து இருந்தால் எத்தனை புள்ளி எதிர்பார்க்கலாம் என்று கணக்கிட்ட ஆய்வுக் கட்டுரையை 1971-இல் வெளியிட்டார். உதவிப் பயிற்றுநர் பில் வால்ஷ் குக்குக்கென வைத்திருந்த ஆட்டத்தைக் கார்ட்டர்மேல் திணிக்கவில்லை. நீளத்தை விட்டு அகலத்தை எடுத்தார். ஐந்து கஜம், எட்டுக் கஜம் என்று பக்கவாட்டில் சிறு எறிதல்கள். குவாட்டர்பேக்கின் ஒவ்வொரு எட்டும் பந்தை வாங்கும் ரிசீவரின் ஓட்டத்தோடு பொருந்தும் கணக்கு. எறிந்தபின் மிச்சத் தூரத்தை வாங்கியவன் ஓடிச் சேர்ப்பான். 1971-இல் அந்த லீக்கிலேயே எறிதல்களில் அதிக விழுக்காடு கைசேரச் செய்தவர் கார்ட்டர். வலு குறைந்த ஒரு கைக்காக வரைந்த அந்த அமைப்பை வால்ஷ் பிறகு ஸ்டான்ஃபோர்டு கல்லூரிக்கும் சான் பிரான்சிஸ்கோவுக்கும் எடுத்துப்போனார். ஆட்டத்தின் முகமே மாறிப்போனது.

கல்லூரி ஆட்டத்தில் இது இன்னும் கூர்மையானது, ஏனென்றால் மாணவன் நான்கு ஆண்டுகளில் போய்விடுவான். அடுத்தவன் வேறு மாதிரி இருப்பான். 2006-இல் ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தில் கிறிஸ் லீக் நன்றாக எறிவார், இடித்து ஓடமாட்டார். முதலாண்டு மாணவர் டிம் டீபோ இடித்து ஓடுவார், எறிதல் இன்னும் பழுக்கவில்லை. பயிற்றுநர் அர்பன் மயர் இருவரில் ஒருவரைத் தூக்கிப்போடவில்லை. எறிய வேண்டிய நேரம் லீக்; இரண்டு கஜம் தேவைப்படும் நேரம் டீபோ. அந்தப் பருவத்தின் பட்டத்தை அவர்கள் ஒஹாயோ ஸ்டேட்டை 41–14 என்று வென்று எடுத்தார்கள்.

லூசியானா ஸ்டேட்டின் ஜோ பரோ இதற்குச் சிறந்த சாட்சி. 2018-இல் பழைய பாணி அமைப்பில் அவர் எதிரணியின் கடைசிக்கோட்டைத் தாண்டிப் புள்ளி பெறும் டச்டவுன் 16 எறிந்தார், கைசேர்ந்தது 57.8 விழுக்காடு. சாதாரண எண்கள். 2019-இல் ஜோ பிரேடி என்ற இளம் பயிற்றுநர் வந்து சேர்ந்தார். ரிசீவர்களைத் திடலின் அகலமெங்கும் விரித்தார்கள்; தடுப்பாளர்களும் விரிந்து போக வேண்டியதாயிற்று; யார் எங்கே நிற்கிறார் என்பது ஸ்னாப்புக்கு முன்பே கண்ணுக்குத் தெரிந்தது. பரோவின் பலம் கையின் வலு அல்ல. வேகமாகப் பார்ப்பதும் உடனே விடுவதும்தான் அவர் பலம். அந்தப் பருவத்தில் 60 டச்டவுன், 76.3 விழுக்காடு, 15 ஆட்டமும் வெற்றி. அதே ஆள், அதே கை. 2020-இல் தொழில்முறைத் தேர்வுக்கு முன் அந்தக் கையை அளந்தபோது கட்டைவிரலிலிருந்து சுண்டுவிரல் வரை ஒன்பது அங்குலம். குவாட்டர்பேக்குக்குச் சிறிய கை என்று பேசினார்கள். மழைநாளில் வழுக்கும் பந்தைச் சிறிய கை விட்டுவிடும் என்ற கவலை நியாயமானதுதான். கல்லூரி ஆட்டத்தில் அதற்கும் வழி இருக்கிறது: ஒவ்வோர் அணியும் தாக்கும்போது தன் சொந்தப் பந்தையே பயன்படுத்தலாம். புதுத்தோலின் வழுக்கல் போகும்வரை சேறு தேய்த்து, தூரிகையால் துலக்கி, தன் குவாட்டர்பேக்கின் விரலுக்குப் பழக்கிய பந்தைத்தான் களமிறக்குவார்கள். திட்டம் பலகையில் தொடங்குவதற்கு முன்பே பந்தின் தோலில் தொடங்கிவிடுகிறது.

பந்துக்குள் இருந்த பால் என்ன ஆனது? 1941 டிசம்பர் கடைசியில் ஜப்பானியர் ஈப்போவைப் பிடித்தார்கள். கம்பாரில் நான்கு நாள் சண்டை நடந்தது. பிப்ரவரியில் சிங்கப்பூர் விழுந்தது. அமெரிக்காவுக்கு வந்துகொண்டிருந்த இயற்கை ரப்பரில் பத்தில் ஒன்பது பங்கு நின்றுபோனது. அமெரிக்கர்கள் எண்ணெயிலிருந்து செயற்கை ரப்பர் செய்யக் கற்றுக்கொண்டார்கள். நிரை வெட்டிய தமிழர்களில் பல்லாயிரம் பேரை ஜப்பானியர் சயாம் மரண ரயில் பாதைக்குக் கொண்டுபோனார்கள். பாதிக்குமேல் திரும்பாத குடும்பங்கள் உண்டு. போருக்குப் பின் பந்துப் பைக்கு பியூட்டைல் ரப்பர் வந்தது. இயற்கை ரப்பர் நன்றாகத் துள்ளும், ஆனால் காற்றை மெல்ல மெல்ல விட்டுவிடும்; பியூட்டைல் விடாது. இப்போது அமெரிக்க ஃபுட்பாலில் பாலியூரத்தேன் பைகளும் வந்துவிட்டன. பேராக் பால் அந்தப் பந்தைவிட்டுப் போய்விட்டது.

தோட்டமும் போனது. 1950-களில் வெள்ளைக்கார முதலாளிகள் விற்றுவிட்டுக் கிளம்ப, வாங்கியவர்கள் துண்டு துண்டாக்கி மறுபடி விற்றார்கள். லயம் என்ற தோட்ட வரிசை வீடுகளில் இருந்தவர்கள் வீட்டையும் வேலையையும் ஒன்றாக இழந்தார்கள். சுங்கை சிப்புட்டில் பிறந்த வீ.தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தோட்டம் தோட்டமாக நடந்து, மாதம் பத்து வெள்ளி கொடுங்கள், நாமே வாங்குவோம் என்று கேட்டார். வெட்டிய கைகளே தோட்டத்துக்குச் சொந்தமாகலாம் என்று நம்பிய அந்த முயற்சியை நான் பெரிதாக மதிக்கிறேன். ஆளைப் பார்த்து அமைப்பை வகுக்க வேண்டும் என்று தோட்டப்புறத்தில் ஒருவர் எண்ணிய அரிய தருணம் அது. ஆனால் ரப்பர் நின்ற இடங்களில் செம்பனை வந்தது, பிறகு வீடமைப்பு வந்தது. பிள்ளைகள் ஈப்போவுக்கும் கிள்ளான் பள்ளத்தாக்குக்கும் போனார்கள்.

பின்னால் விட்டுப்போன தமிழ்ப்பள்ளிகளில் சிலவற்றில் மொத்தமே முப்பது மாணவர்கூடத் தேறாது. அங்கே காற்பந்தோ ரக்பி எழுவர் ஆட்டமோ கற்றுக்கொடுக்கும் ஆசிரியருக்கு ஆள் தேர்வு என்ற ஒன்றே கிடையாது. வந்தவர்கள்தான் அணி. வால்ஷுக்கு ஒரு காயத்தால் நேர்ந்த நிலைமை இந்த ஆசிரியருக்கு ஒவ்வோர் ஆண்டும் பள்ளித் தவணை தொடங்கும்போது வரும் நிலைமை.  ஓடத் தெரியாத ஒரு பையன் நெடுந்தூரம் குறிபார்த்து உதைப்பான் என்றால், அவனை நடுவில் நிறுத்தி, அவனுக்காக ஓட இரண்டு பக்கமும் இரண்டு பேரை வைக்கலாம். இடக்கால்காரி ஒருத்தி இருந்தால், மூலை உதைகளை எல்லாம் வலப்பக்கத்திலிருந்து எடுக்கும்படி ஆட்டத்தைத் திருப்பலாம். அவள் உதைக்கும் பந்து கோல் பக்கமாக உள்நோக்கி வளையும். பயந்த பையனுக்கு ஒரே ஒரு ஆளை மட்டும் காட்டி, அவன் வந்தால் இந்தப் பக்கம் தட்டு, வராவிட்டால் நீயே கொண்டுபோ என்று சொல்லலாம். ஃபுளோரிடாவிலும் லூசியானாவிலும் கோடி டாலர் சம்பளத்துக்குச் செய்கிற வேலையின் முதல் பாதி இவ்வளவுதான்: தவணை தொடங்கி முதல் இரண்டு வாரம் எதையும் கற்றுக்கொடுக்காமல், யார் எப்படி ஆடுகிறார்கள் என்று ஓரத்தில் நின்று பார்த்து, நோட்டில் பெயருக்கு நேரே எழுதிவைப்பது.